ஈரப்பக்கத்து முறை

என் வலது கைப் பெருவிரல் நீராவிக் குழாயில் பட்டு வெந்துபோயிருந்த வாரம் அது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரல் வெந்ததற்கெல்லாம் லீவு கிடையாது. ஆனால் மடிக்கிற மேசையில் என் பங்குக்கு வரவேண்டிய விரிப்புகள் நான்கு நாளாகக் குறைவாகவே வந்தன. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள்தான் பார்த்தேன், பக்கத்தில் நின்றவள் என் குவியலில் பாதியைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டது தெரிந்ததும், "நீங்க மடிக்கிற வேகத்தைப் பாத்தா எனக்குத் தூக்கம் வருதுக்கா" என்றாள்.

அவளை எல்லோரும் ரயிலு என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தேழு வயது. அம்மாவோடு ஒற்றை அறையில் இருந்தாள். விடியுமுன் எழுந்து திடலுக்குப் போய் ஓடிவிட்டு, ஏழு மணிக்கு எங்களோடு வேலைக்கு நிற்பாள். "கல்யாணம் பண்ணிக்கிற வயசுல இவ யாரைத் துரத்திக்கிட்டு ஓடுறாளோ" என்று அவள் அம்மாவே எங்களிடம் வந்து புலம்பினாள்.

துறைமுகத்தில் ஓட்ட அணி ஒன்று இருந்தது. வருடத்துக்கு ஒரு தேர்வு. திடலை இருபத்தைந்து சுற்று, முப்பத்தெட்டு நிமிடத்துக்குள் ஓடி முடிக்கும் பெண்ணுக்கு அணியில் இடமும், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் உண்டு. இருபத்தெட்டு வயது ஆகிவிட்டால் ஓடவிட மாட்டார்கள். அவளுக்கு அந்த வருடம்தான் கடைசி.

சலவைக்கூடத்தில் நாங்கள் எட்டுப் பேர். வாரம் இரண்டு பேருக்கு ஈரப்பக்கம், மற்றவர்களுக்கு உலர்ந்த பக்கம். ஈரப்பக்கம் என்றால், துவைத்த விரிப்புகளை இயந்திரத்தின் வாயிலிருந்து இழுத்து, வண்டியில் தள்ளிப்போய், உலர்த்தும் இயந்திரத்துக்குள் தூக்கிப் போட வேண்டும். ஈரத்துணி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும். காலை ஊன்றித் தொடையில் பலம் கொடுத்தால்தான் அசையும். அந்த வாரம் முடிந்தால் மாடிப்படி ஏறக்கூட எங்களுக்குக் கால் வராது.

இவள் அதோடு ஓடவும் செய்தாள். முதல் சில மாதம் பார்க்கச் சகிக்கவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினாள். அப்புறம் திடலில் நேரம் பார்த்துச் சொல்லும் கோச் வழி காட்டினார். ஈரப்பக்கம் வரும் வாரம் மெல்லோட்டம் மட்டும், உலர்ந்த வாரத்தில் கடும் ஓட்டம். ஓடி முடித்த அரைமணிக்குள் வயிறு நிறையச் சாப்பாடு. மதிய இடைவேளையில் துணிமூட்டைமேல் காலைத் தூக்கி வைத்து இருபது நிமிடத் தூக்கம். சொன்னதை அப்படியே செய்தாள். முகம் தெளிந்தது, கால் நிலைத்தது.

அந்த இருபது நிமிடமும் எங்கள் கண்ணை உறுத்தியது. ஒருநாள் அவள் தூங்கும்போது பெரியக்கா ஒரு வெள்ளை விரிப்பை எடுத்துத் தலை முதல் கால் வரை மூடிவிட்டு, "பிணவறைக்கு ஒண்ணு ரெடி, எடுத்துட்டுப் போங்கப்பா" என்றாள். பெரியக்காதான் எங்களில் மூத்தவள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ரயிலு எழுந்தாள், அந்த விரிப்பை நான்காக மடித்து மேசையில் வைத்தாள், வேலையைப் பார்க்கப் போனாள்.

தேர்வு வாரத்தில் அவளுக்கு ஈரப்பக்கம் விழுந்தது. அந்த வாரம் கால் ஓய்வாக இருக்க வேண்டும் என்று கோச் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முறை மாற்றிக்கொள்வது எங்களுக்குள் வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. தேர்வு வாரத்துக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு முன்பே பெரியக்காவின் ஈர வாரத்தை அவள் செய்தாள். பிறகு என்னுடையதையும் செய்தாள். "ஒரு வாரம்தானே உனக்கு வேணும், எதுக்குடி ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கு உடம்பு முடியாமப் போனா இன்னொருத்தர் இருப்பீங்கல்லக்கா."

திங்கட்கிழமை காலையில் வந்து பெரியக்கா முன் நின்றாள்.

"இந்த வாரம் என் முறை உங்களுதுக்கா."

"யார் சொன்னா? நீயா ஆசைப்பட்டுச் செஞ்ச. நான் கேட்டேனா?"

சூப்பர்வைசரிடம் போனாள். "உங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டு வாங்கம்மா. என்கிட்ட பஞ்சாயத்து வேண்டாம்" என்று அவர் பேனாவை மூடினார்.

அப்புறம் என்னிடம் வந்தாள். முந்தின சனிக்கிழமையே பெரியக்கா என் காதில் போட்டிருந்தாள்: "அவ துறைமுகத்துக்குப் போயிட்டா புதுசா ஆள் எடுக்க மாட்டாங்க. அவ ஈரமும் நம்ம தலையிலதான் விழும். யோசிச்சுக்க." நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

"முட்டி வலிக்குதும்மா" என்றேன்.

அவள் என் முட்டியைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

"உனக்காகத் தினமும் வேண்டிக்கிறேன்" என்றும் சொன்னேன். பொய் இல்லை, ஆறு நாளும் வேண்டினேன். அந்த ஆறு நாளும் அவள் காலை ஊன்றி ஈரத்துணி இழுத்ததை உலர்ந்த பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனேன். இருபது சுற்று வரை அவள்தான் முன்னால். கோச் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இருபத்தோராவது சுற்றில் அவள் தொடை நடுங்க ஆரம்பித்தது. கால் தூக்க வரவில்லை, கைகள் மட்டும் ஓடின. கடைசி வளைவில் ஒருமுறை விழுந்து எழுந்தாள். முப்பத்தெட்டு நிமிடம், ஒன்பது விநாடி. இரண்டு வாரத்துக்கு முன் இதே திடலில் முப்பத்தேழே முக்காலில் முடித்தவள். கோலால் அடித்த மாதிரி கோச் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவளுக்கு உலர்ந்த பக்கம். பெரியக்கா பக்கத்தில் வந்து, "ஒன்பது செகண்டுதானே, அதுக்குப் போயா விட மாட்டாங்க? ஈவு இரக்கமில்லாத பயலுங்க" என்று உச்சுக்கொட்டினாள். ரயிலு மடித்துக்கொண்டே இருந்தாள். மதியம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். தூங்கவில்லை.

மூன்று வாரத்தில் வேலையை விட்டாள். வேறு ஊரில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சலவைக்கூடத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். அவள் போன பிறகு பெரியக்கா சொன்னபடியே புது ஆள் எடுக்கவில்லை. ஈர முறை எங்களுக்குச் சீக்கிரம் சீக்கிரம் வந்தது.

அவளை வழியனுப்ப நான் ஒருத்திதான் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அவள் அம்மா முன்னாலேயே ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அங்கேயும் ஓட நல்ல திடல் இருக்குமாம்மா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் காலை வைத்தவள் திரும்பினாள்.

"எதுக்குக்கா? அங்கேயும் பஸ் ஓடுதாம்."