குடல் மருந்தைக் குடிக்க வைத்த ஜெசிந்தா அக்கா

பெருமுக்கல்லில் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளில் களை எடுத்தே அம்மா படிக்கவைத்த பெண் ஜெசிந்தா. இன்று திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். அங்கே பயிற்சிக்குச் சேர்ந்த எனக்கு அவர் அக்கா. அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. அதனால் பச்சைமுத்து அண்ணன் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அண்ணன் மரக்காணம் பக்கத்து மீனவர். மலத்தில் ரத்தம் போனது. பரிசோதனைக்கு முந்தின நாள், குடலைச் சுத்தம் செய்ய உப்பு மருந்து கரைத்த தண்ணீரை வீட்டில் ஒரேயடியாகக் குடித்து, பாதியை வாந்தி எடுத்துவிட்டார். மறுநாள் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. குடல் முழுக்கப் பழுப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது. இன்னொரு முறை குடிக்க வேண்டும் என்றார் டாக்டர் பிரபாவதி.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டார். "படகு கவுந்தப்பகூட நான் இவ்ளோ உப்புத்தண்ணி குடிச்சதில்லம்மா. ரத்தம் போனா போவட்டும். நான் ஊட்டுக்குப் போறேன்."

அவர் மனைவி தைலம்மாள் அழ ஆரம்பித்தார். அண்ணன் அன்று கிளம்பியிருந்தால், உள்ளே இருப்பது புற்றுநோயா இல்லையா என்று தெரியாமலே போயிருக்கும்.

அக்கா குறுக்கே போய் நின்றார். "இருங்கண்ணே. நேத்து இன்னா சாப்ட்டீங்க?"

"எதுவும் சாப்புடலியே. தண்ணியாத்தான் குடிக்கணும்னு நீதான சொன்ன?"

"வெறும் வயித்தோட எப்பிடிக் கெடப்பாருன்னு கேப்பைக் கூழக் கரைச்சி சொம்பு சொம்பா குடுத்தேன்," என்றார் தைலம்மாள். "கூழு குடிக்கிறதுதானம்மா?"

அக்கா தலையில் கை வைத்தார். "நானே கூழு குடிச்சி வளந்தவதான், கூழு கூடாதுன்னு சொல்லத் தோணல பாருங்க. எம்மேலதான் தப்பு. டம்ளர்ல ஊத்துனா அடி தெரியணும்க்கா, அதத்தான் குடுக்கணும். இளநீ, வடிகட்டுன எலுமிச்ச ஜூஸு, பால் ஊத்தாத டீ."

பிறகு டாக்டரிடம் போய், வார்டிலேயே வைத்து மருந்தைப் பாதி சாயங்காலமும் பாதி விடியற்காலையும் கொடுக்கலாமா என்று கேட்டார். "தாராளமா. கொமட்டலும் கொறையும், குடலும் நல்லா சுத்தமாகும்," என்றார் டாக்டர்.

அக்கா மருந்தைச் சில்லென்று குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு எடுத்துப் போனார். அண்ணன் முன்னாலேயே தானும் ஒரு வாய் குடித்தார். முகம் கோணிக்கொண்டது.

"நீயே மூஞ்ச சுளிக்கிற, என்னைக் குடிக்கச் சொல்றியா?" அண்ணன் சிரித்துவிட்டார்.

"நான் முழுங்கிட்டேன்ல? அலைக்குப் பயப்படாத ஆளு ஸ்ட்ராவுக்குப் பயப்படறீங்களே!"

ஒரு டம்ளர் முடிந்ததும் வராந்தாவில் நடை. குமட்டினால் கொஞ்சம் நிறுத்தி, எலுமிச்சைத் துண்டு. "ஜல்தி வேணாம்ண்ணே, மெதுவா." விடிந்ததும் மீதிப் பாதியும் அப்படியே இறங்கியது. வாந்தியே இல்லை!

காலையில் கழிவறைக்குள்ளிருந்து அண்ணன் போட்ட சத்தம் வார்டுக்கே கேட்டது. "ஜெசிந்தா! கொழாத் தண்ணி மாதிரி போவுதும்மா!" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கைதட்டவே தோன்றியது.

அன்று கேமராவில் குடல் பளிச்சென்று தெரிந்தது. மடிப்புக்குள் ஒரு சின்னச் சதை வளர்ச்சி. டாக்டர் அப்போதே அதை நீக்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும், டாக்டர் சொல்லி அக்காதான் போன் போட்டார். "புத்துநோய் இல்லண்ணே."

"கேக்கலம்மா, கரையில நிக்கிறேன். காத்து இரையுது. சத்தமா சொல்லு!"

வார்டில் யாரையும் குரலை உயர்த்த விடாத எங்கள் அக்கா, எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "ஒண்ணும் இல்லண்ணே! நல்லா இருக்கீங்க!"