ஏழாவது தையல்

என் தம்பி அஞ்சு வயசு வரைக்கும் பேசல. தெருவே அவனை ஊமைன்னு கூப்பிட்டுச்சு. அப்புறம் வாயைத் திறந்தான் பாருங்க, இன்னைக்கு வரைக்கும் மூடல. ராப் பாட ஆரம்பிச்சப்போ மேடைக்கு வெச்சுக்கிட்ட பேரும் அதேதான், ஊமை. கிண்டல் பண்ணினவங்க வாயை அடைக்கணுமாம். அவங்க வாய் அடைஞ்சுதோ இல்லையோ, எனக்குச் சோறு இறங்காமப் போச்சு.

நான் தையல்காரி. முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவுல ஒரு திரை. பகல்ல அவன் போன் ரிப்பேர் கடைக்குப் போவான். லீவு நாள்ல என் துணி பீரோவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பாடுவான். துணிங்க எதிரொலியைக் குடிச்சுடுமாம். முதல் பாட்டு எங்க தெருச் சாக்கடையைப் பத்தி. அதைக் கேட்டு நானும் சிரிச்சேன். ரெண்டாவது, மூணு மாசமா லிஃப்ட் ஓடாத ஆஸ்பத்திரியைப் பத்தி. ஆஸ்பத்திரிக்காரங்களே அதை ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டாங்க. முகம் தெரியக் கூடாதுன்னு மாஸ்க் தைச்சுக் கொடுத்தவளும் நான்தான். வேற யாரு?

போன வருஷம் பாலம் விழுந்துச்சு. பதினோரு பேர் செத்தாங்க. கான்ட்ராக்டர் மந்திரியோட மச்சினன். ஏழாவது தூணுலதான் கோளாறுன்னு ஊருக்கே தெரியும், ஆனா வாயைத் திறக்க ஒருத்தருக்கும் தைரியமில்ல. இவன் திறந்தான்.

"ஆறு தூணுல சிமெண்ட் இருக்கு, ஏழாவது தூணுல என்ன இருக்கு?"

அவ்வளவுதான் பல்லவி. கேள்வியைக் கேட்டுட்டு ஒரு நொடி சும்மா நிப்பான். தாளமும் நிக்கும். அந்த ஒரு நொடியிலதான் கேக்கறவங்களுக்கு மயிர் கூச்செறியும். ஒரே வாரத்துல ஊர் முழுக்க அதே பாட்டு.

அந்தத் தாளம் என் தையல் மிஷின்.

கால் மிதி மிஷினுக்கு ஒரு தோல் பெல்ட் உண்டு. ரெண்டு முனையையும் கம்பி போட்டு இணைச்சிருக்கும். என்னோடது பழசு. ஆறு தையல் ஒழுங்கா விழும். ஏழாவதுக்கு அந்த இணைப்பு சின்னச் சக்கரத்து மேல ஏறும், வழுக்கும், ஒரு தையல் தாமதமாகும். டக் டக் டக் டக் டக் டக், அப்புறம் ஒரு வெத்திடம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அதை போன்ல பதிவு பண்ணிப் பாட்டுல போட்டிருக்கான். கடங்காரப் பய.

ஒரு நாள் ரவிக்கை வாங்க வந்த டீச்சரம்மா, "பாட்டுல வர்றது தையல் மிஷின் சத்தம்னு கண்டுபிடிச்சுட்டாங்களாம். போலீஸ் ஒவ்வொரு தையல் கடையா ஏறி இறங்குதாம்"னாங்க. அவங்க தெரு முனையைத் தாண்டுறதுக்குள்ள கடையைச் சாத்திட்டு ஓடிப்போய் புது பெல்ட் வாங்கிட்டு வந்தேன். பழசைத் துண்டு துண்டா வெட்டி அடுப்புல போட்டேன். நாத்தம் ரெண்டு நாள் போகல. மிஷின் சர்ருன்னு ஓடுச்சு. அன்னைக்குத்தான் நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். காலையில பத்து மணி இருக்கும். தம்பி காய்ச்சல்னு வேலைக்குப் போகாம திரைக்குப் பின்னால படுத்திருந்தான்.

"மிஷினைக் கொஞ்சம் ஓட்டும்மா"ன்னு ஸ்டூல்ல உக்காந்தார். போனை எடுத்து அந்தப் பாட்டைச் சின்னச் சத்தத்துல வெச்சார்.

"எதைத் தைக்கட்டும் சார்?"

"எதையாவது."

ஒரு தலையணை உறையை எடுத்தேன். மனசுக்குள்ள ஒரு தெம்பு. புது பெல்ட் இருக்கு, என்ன பண்ணிடுவார்? மிதிச்சேன். ஆறு தையல் போச்சு. ஏழாவதுக்கு என் கால் நின்னுச்சு.

மிஷின் நிக்கல, என் கால்தான் நின்னுச்சு. பத்தொன்பது வருஷமா அந்த இடத்துல பெல்ட் வழுக்கும்னு தெரிஞ்சு, மிதியை லேசா விட்டுக் கொடுத்துப் பழகின கால். நாலு நாளா அப்படித்தான் ஓட்டியிருக்கேன், எனக்கே தெரியல. மறுபடி மிதிச்சேன். ஆறு. நின்னுச்சு. வேகமா மிதிச்சா நிக்காதுன்னு பார்த்தேன், வேகமா நின்னுச்சு. பாழாப்போன காலை வெட்டிப் போட்டா என்னன்னு இருந்துச்சு.

இன்ஸ்பெக்டர் பாட்டை நிறுத்தினார். குனிஞ்சு புது பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"பெல்ட் எப்ப மாத்தினீங்க?"

ஒரு வருஷம் ஆச்சுன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள திரை விலகுச்சு. போர்வையைப் போர்த்திக்கிட்டு, கண்ணெல்லாம் சிவந்து, தம்பி நின்னான்.

"கால் மட்டும்தான் எங்கக்காவுது சார். பாட்டு என்னோடது."

சட்டையாவது மாத்திக்கட்டும்னு கேட்டேன். விட்டார். பட்டன் ஒண்ணு தொங்கிக்கிட்டிருந்த சட்டையைத்தான் போட்டுக்கிட்டான். தையல்காரி தம்பி.

தொண்ணூத்தேழு நாள் உள்ள இருந்தான். முதல் தடவை பார்க்கப் போனப்போ கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு கத்தினேன். "உன்னை யாருடா வெளிய வரச் சொன்னது? நான் சமாளிச்சிருப்பேன்ல?"

"நீ சமாளிக்கப் பார்த்திருந்தா உன்னையும் கூட்டிட்டுப் போயிருப்பாங்க அக்கா. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் பாடுறது?"

இப்ப ஜாமீன்ல இருக்கான். போன் கடையில வேலை போச்சு. கேஸ் நடக்குது, அடுத்த வாய்தா பதினாலாம் தேதி. மாஸ்க் போடறதில்ல. இனி எதுக்குன்னு கேக்கறான். போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு ஹால்ல பாடினான். வர மாட்டேன்னு சொல்லிட்டுக் கடைசி வரிசையில போய் உக்காந்தேன். ஆயிரம் பேர் கை தட்டினாங்க. ஆறு தட்டு, அப்புறம் நிறுத்தம். யாரும் சொல்லிக் கொடுக்கல, சின்னப் பிள்ளைங்ககூடச் சரியா நிறுத்துது. தரையில தாளம் போட்டுக்கிட்டிருந்த என் காலும் நின்னுச்சு.

அந்த ஒரு நொடியில ஹால் முழுக்க மேடையைப் பார்த்துச்சு. நான் மட்டும் வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.