திருப்புட்குழி போகிற வழியில் வெள்ளைப் புகை

அசிங்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் டீசல் ஃபில்டரை நானே மாற்றினேன். செல்போனில் ஒரு வீடியோ பார்த்து, வீட்டு வாசலிலேயே. எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது கையில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மிச்சமிருந்தது. அலமாரி நிறையப் புத்தகம் படித்த, ஐம்பத்து நாலு வயதான ஒரு மனிதன் அப்போது என்ன நினைக்க வேண்டும்? நான் நினைத்தது: கம்பெனிக்காரன் உபரியாக ஒன்று போட்டிருக்கிறான், தாராள மனசு. வளையத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, என் மனைவி வசந்தாவிடம், "ஒர்க்‌ஷாப்ல அரை நாள் பண்றதை முக்கால் மணியில முடிச்சேன்" என்றும் சொன்னேன்.

அமாவாசையன்று காலை பத்து மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து கிளம்பினோம். நான், வசந்தா, பின் சீட்டில் என் தம்பி மகள் பவித்ரா. போக வேண்டிய இடம் திருப்புட்குழி. காஞ்சிபுரத்தைத் தாண்டி பெங்களூர் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போல. அங்கே பெருமாள் கோவிலில், பிள்ளை வேண்டுகிற பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். வறுத்தது விடிவதற்குள் முளைத்தால் கேட்டது கிடைக்கும் என்பது நம்பிக்கை.

பவித்ராவுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். அடுத்த வாரம் அவளுக்கு ஒரு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். வயிற்றில் துளை போட்டு உள்ளே என்ன கோளாறு என்று பார்ப்பார்களாம். அதற்கு முன்னால் இதையும் செய்துவிட வேண்டும் என்பது மாமியார் உத்தரவு. மாப்பிள்ளை வரவில்லை, ஆபீஸில் ஆடிட்டிங். டாக்டரைப் பார்க்கிற நாளிலெல்லாம் அவருக்கு ஆடிட்டிங் வந்துவிடும். அதனால் இன்றுவரை ஒரு டெஸ்ட்கூடக் கொடுத்ததில்லை. அவள் எடுத்த டெஸ்டுகள் ஒரு ஃபைல் கனம்.

பதினொரு மணிக்கு வாலாஜாபாத்தை நெருங்கும்போது கார் இழுக்க மறுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு யோசனை, ஒரு உதறல், அப்புறம் கொஞ்சம் நகர்வு. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ரோடே இல்லை. வெள்ளைப் புகைதான் இருந்தது.

டீக்கடையில் நிறுத்தினேன். மூன்று டீ முப்பத்தாறு ரூபாய், ஆலோசனை இலவசம். ஒரு லாரி டிரைவர், "ஹெட் கேஸ்கட் பூட்ச்சு சார், தண்ணி உள்ள எறங்குது" என்றார். டீ மாஸ்டர் டீசல் கலப்படம் என்றார். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, "கண்ணு பட்டுக்குது. எலுமிச்சம்பழம் கட்டு சார்" என்றார்.

பவித்ரா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "எனக்கும் இதேதான் சொன்னாங்க பெரியப்பா. எலுமிச்சம்பழம் உள்பட."

எனக்கு ஃப்ரிட்ஜ் மேல் இருந்த வளையம் நினைவுக்கு வந்தது. சக்கரங்களை ஒருமுறை சுற்றி வந்தேன். வீடியோவில் அந்த ஆள் முகம் சுளிக்கும்போதெல்லாம் இப்படித்தான் சுற்றி வந்தான்.

பன்னிரண்டரைக்குப் பெரிய காஞ்சிபுரம். கார் போன வேகத்தில், பட்டுக்கடைக்கு ஆள் பிடிக்கிற ஒருவர் ஜன்னலோரமாக நடந்தே கூட வந்தார். "சார், கல்யாணப் பொடவ பாருங்க சார், பாக்கறதுக்கு காசா?" புகையில் இருமினார், கார்டை மட்டும் விடாமல் நீட்டினார். எதிரே சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்றார். "இன்னா சார், கொசு மருந்தா? எங்க தெருவுக்கு ஒரு மாசமா வர்லியே!" நாலு பிள்ளைகள் அதை நம்பி, ஓவென்று கத்திக்கொண்டு காருக்குப் பின்னாலேயே ஓடி வந்தார்கள். கோபுரத்தைப் பார்க்கத்தான் மக்கள் இந்த ஊருக்கு வருகிறார்கள். நான் போன தெருவில் அரை மணி நேரம் கோபுரம் தெரிந்திருக்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டேனியல் என்பவரின் ஒர்க்‌ஷாப். என் வயசுதான் இருக்கும். என்னைவிட நம்பிக்கையாகப் பேசுகிறவர். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் குறையவில்லை, குமிழியும் வரவில்லை. சைலன்சர் பக்கம் குனிந்து முகர்ந்தார்.

"கண்ணு எரியுதுபா. தண்ணி பூந்தா இப்டி எரியாது. டீசல் வேகாமயே வெளிய வந்துக்கினு இருக்குது." என் பக்கம் திரும்பினார். "ஃபில்டர் எப்ப மாத்துனது?"

"போன ஞாயித்துக்கிழமை."

"எங்க?"

"நல்ல இடம்தான். தெரிஞ்ச ஆளு."

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த டயர் காலண்டரைப் பார்த்தேன்.

"அப்ப ஃபில்டர உட்ரு" என்றார் டேனியல்.

விட்டார். டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சோதித்து, திரும்பப் பூட்டினார். எல்லாம் சரியாகவே இருந்தன. அந்த நேரமெல்லாம் நான் உட்காரவில்லை. தெருமுனைவரை போவேன், திரும்புவேன், கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன், ஒரு பூட்டிய கடையின் போர்டை முழுதாகப் படிப்பேன். ஆறு மணிக்குள் கோவிலில் பேர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அமாவாசை. அதற்குள் ஆபரேஷனே முடிந்திருக்கும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொல்ல ஒரு முகம் வேண்டியிருந்தது. அது என்னிடம் இல்லை.

மூன்றரை மணிக்கு டேனியல் துணியில் கையைத் துடைத்தார். "டீசல் பம்ப்ப எறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும் சார். ரெண்டு நாள் ஆவும்."

"நாங்க ஆட்டோல போறோம்" என்று வசந்தா எழுந்தாள். ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்டார். டிக்கியிலிருந்து பூஜைப் பையை எடுத்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். தேங்காய், வெற்றிலை, கற்பூரம், ஒரு கட்டு ஊதுபத்தி.

ஊதுபத்திக் கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது என் கருப்பு வளையம்.

"அது ஏது?" என்றேன்.

"ஃப்ரிட்ஜ் மேல கெடந்துது. ஊதுபத்தி சிதறுதேன்னு போட்டேன். ஏன்?"

உள்ளே டேனியல் பம்ப் நட்டில் ஸ்பானரை வைத்துவிட்டார். பவித்ரா மடியில் டெஸ்ட் ஃபைலோடு ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேனியல், நிறுத்துங்க" என்றேன். "ஃபில்டர் மாத்துனது நான்தான். இது மிச்சமாயிடுச்சு."

டேனியல் வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மல்லிகை மணம் வந்தது. "காத்த இழுத்துக்கினு இருந்துருக்குது. டீசலோட காத்தும் போனா எங்க எரியும்? அந்த தெரிஞ்ச ஆளு நீதானா சார்?" தோள் குலுங்கச் சிரித்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா மூணு இன்ஜெக்டர் என் கையில மாட்டாம தூங்கிக்கினு இருந்துருக்கும்."

வசந்தா சிரிக்கவில்லை. அவள் சிரிப்பை எங்கோ பத்திரப்படுத்துவதுபோல் இருந்தது.

வளையம் இழுபட்டிருந்தது. பக்கத்துக் கடையில் புதுசு வாங்கினோம், பதினைந்து ரூபாய். டேனியல் அதைப் போட்டு, கைப்பம்பை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினார். நுரை நுரையாக வந்த டீசல், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அந்த நேரத்தில்தான் பவித்ரா வாசல் பக்கம் நின்று போன் பேசியது காதில் விழுந்தது.

"ஆடிட்டிங்கை ஆபீஸ்ல பாத்துக்குவாங்க. நாளைக்கு காலையில லேபுக்கு நீ போற. ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டேன்... இல்ல, கோவமா இல்ல... ஆமா, உங்கம்மாகிட்டயும் நானே சொல்றேன்."

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஒரு பொதி புகை விட்டது, அப்புறம் சுத்தமானது. ஐந்து ஐம்பதுக்குத் திருப்புட்குழி. பேர் கொடுத்தோம். பயறு முளைத்ததா என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. அது அவளுக்கும் அந்தக் கோவில் தாயாருக்கும் நடுவில்.

மறுநாள் திரும்பும்போது வாலாஜாபாத்தில் அதே டீக்கடையைப் புகையில்லாமல் கடந்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் செங்கல்பட்டிலும் டேனியல் ஒர்க்‌ஷாப் மாதிரிதான், மறைத்து வைத்ததை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிரித்துப் பார்ப்போம். ஒரு மனிதன் வாய் திறந்தால் இன்னொருவருக்கு வழி திறக்கிறது என்றெல்லாம் வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தேன். என்னைப் பற்றி எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டிருந்தது.

பத்து நாள் கழித்துப் பவித்ரா வந்தாள். மாப்பிள்ளை டெஸ்ட் கொடுத்துவிட்டாராம், அவருக்கு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், ஆபரேஷன் இல்லை. "அன்னிக்கு நான் உண்மையைச் சொன்னதைப் பாத்துதானே உனக்கும் தைரியம் வந்துது?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல பெரியப்பா" என்றாள் பவித்ரா. "நீங்க உக்காராம அங்கயும் இங்கயும் நடந்துக்கினே இருந்தீங்க, பாக்க தலை சுத்துச்சு. அதான் எந்திரிச்சு வெளிய போய் போன் பண்ணேன்."