துட்டி வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை

என் வீட்டுக்காரர் ஐப்பசி மழையில் இறந்தார். துட்டி கேட்க ஊரே வந்தது. எங்கள் பக்கம் துட்டிக்கு வந்தவரை 'வாங்க' என்று கூப்பிடக்கூடாது. அவர்களும் புறப்படும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. சாவு திரும்பி வந்துவிடும் என்ற பயம். வருவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார்கள். நான் யார் முன்னாலும் அழவில்லை. வயலையும் வழக்கையும் முன்னே நின்று பார்த்தவள், பிறர் முன் கண்ணைக் கசக்குவதா?

அதன் பிறகு உடம்பு என் சொல் கேட்கவில்லை. விழிப்பு வந்துவிடும், எழுந்திருக்கத் தோன்றாது. சோறு மண்ணாக இருந்தது. ஆற்றுக்குக் குளிக்கப் போவதையும் விட்டேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பழைய சர்க்கரையைத் தவிர ஒரு நோவும் இல்லையாம். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் போகச் சொன்னார்கள்.

"அத்தை, ஒரு தடவை காட்டிட்டு வந்திருவோமே," என்றாள் மருமகள்.

"எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊரு சிரிக்கவா?"

அவள் மறுபடி கேட்கவில்லை. கஞ்சியை வைப்பாள், ஆறினதை எடுத்துப் போவாள். இப்படியே போய்ச் சேர்ந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மாசியில் அடுத்த தெரு பாய் வீட்டு அம்மாள் வந்தாள். எனக்கு இளையவள். மகள் பிரசவத்துக்குத் துபாய் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அவளே அழுதாள்.

"அண்ணாச்சி இருந்தா, துபாய்க்குப் போயிட்டு வெறுங்கையோடயா வந்தேன்னு கேட்டிருப்பாவ."

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், வாசலில் நின்று, பழக்கத்தில், "போயிட்டு வாரேன்க்கா" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யா அல்லா! கோட்டிக்காரி, என்ன சொல்லிட்டேன்!"

மருமகள் முகம் வெளுத்தது. இத்தனை பேர் வந்து போன வீட்டில், திரும்பி வருவேன் என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

"வா," என்றேன். "நாளைக்கும் வா."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

மறுநாள் வந்தாள். போய்ச் சேர நினைத்ததை அவளிடம் சொன்னேன்.

"பிள்ளை பெத்ததும் எம்மவளும் இப்படித்தான் கிடந்தா. அங்கன டாக்டர்ட்ட காட்டித்தான் தேறுனா. கிளம்புங்க, நானும் வாரேன்."

"ஊரு சிரிக்குமே, ஏட்டி."

"சர்க்கரைக்கு மாத்திரை திங்கீங்களே, அதுக்கு யாரு சிரிச்சா?"

பஸ்ஸில் திருநெல்வேலி போனோம். டாக்டர் சின்னப் பெண். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. மாத்திரை மெதுவாகத்தான் கேட்கும், நீங்களாக நிறுத்தக்கூடாது என்றாள். பசிக்காவிட்டாலும் வேளைக்குக் கொஞ்சம் சாப்பிடுங்கள், காலை வெளிச்சத்தில் நடங்கள், அந்த நினைப்பு வந்தால் மறைக்காமல் யாரிடமாவது உடனே சொல்லுங்கள் என்றாள்.

இப்போது காலையில் ஆற்றுக்குப் போகிறேன். பாய் வீட்டு அம்மாள் படியில் உட்கார்ந்து கதை சொல்வாள், நான் முங்குவேன். சில நாள் சேலையை எடுத்து வைத்துவிட்டு அப்படியே படுத்துவிடுகிறேன். அசதி இன்னும் போகவில்லை. நினைப்பு வந்தால் மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். அவள் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனோம். ஆஸ்பத்திரியிலும் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதுதான். கதவருகே நின்று, "போயிட்டு வாரேம்மா" என்றேன்.