வீக் எண்ட் தந்தி

காய்ச்சலில் கிடக்கும் பேத்தி, தான் ரொம்ப 'வீக்' என்று ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியிருந்தாள். பலவீனத்துக்கு உரிய எழுத்துகளுக்குப் பதில் வாரத்துக்கு உரிய எழுத்துகள். சிரித்துவிட்டேன். எனக்கும் ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றுதான்.

கவரைப்பேட்டையில் நான் ஏழாவது படித்தபோது, திருநின்றவூரில் வாழ்க்கைப்பட்ட சரோஜாக்காவிடமிருந்து ஒரு சனிக்கிழமை தந்தி வந்தது. வீட்டில் ஆங்கிலம் படிப்பவள் நான் மட்டும்தான். "வீக், எண்ட், கமிங், சரோஜா" என்று எழுத்துக்கூட்டினேன்.

"அக்கா ரொம்ப வீக்கா கீறாளாம். முடிவு வந்துக்கினு கீதாம்" என்றேன்.

அம்மா அலறிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். அப்பா சட்டைகூடப் போடாமல் பின்னால் ஓடினார். நானும் தந்தியும் கையுமாக அழுதுகொண்டே போனேன். அப்போது வந்து நின்ற ரயிலிலிருந்து, தலை நிறைய மல்லிகையும் கையில் பலகாரக் கூடையுமாக அக்கா இறங்கினாள்.

அம்மா அவளைத் தடவித் தடவிப் பார்த்தாள். தந்தியை வாங்கிப் படித்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சனி, ஞாயிறு வரேன்னு தந்தி அடிச்சா, என்னைச் சாவடிச்சிட்டியேடி!"

அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அக்கா குறுக்கே வந்தாள்.

"உடு நைனா. இன்னும் ஆறு மாசத்துல சித்தி ஆவப்போறவ அவ."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா, பிளாட்பாரம் என்றும் பார்க்காமல், எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.