வலியுல்லா துடைத்தெடுத்த கச்சேரி

கச்சேரி ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை வலியுல்லாவின் கம்ப்யூட்டர் சென்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். என் மிஷின் இரண்டும் தூசியில்தான் ஓடுகின்றன என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். கீபோர்டைப் பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். டீ கிளாஸின் அடியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் மேஜையில் வைப்பார். நல்ல மனிதர், சுத்தம்தான் கொஞ்சம் ஓவர்.

தொண்ணூற்றொன்பதில் அவருடைய பெருமையெல்லாம் ஒரே வேலையில் இருந்தது. இன்டர்நெட் ரேடியோவில் ஓடும் பாட்டை வேவ் ஃபைலாக மாற்றி, சி.டி.யில் ஏற்றித் தருவார். "வேவ்ல வந்துட்சின்னா ஒரு பொட்டுகூட குறையாது நைனா" என்று என்னிடமே நூறு தடவை சொல்லியிருப்பார்.

அந்த ஜூலையில் காமாக்ஷி மாமி வந்தார். மாட வீதியில் பாட்டு சொல்லிக் கொடுப்பவர். பதினைந்து வருஷம் மகள் ஹம்சாவுக்கும் அவரேதான் வாத்தியார். அத்தனை வருஷத்தில் மகளை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. இப்போது ஹம்சாவின் முதல் கச்சேரி நியூ ஜெர்சியில் நடந்து முடிந்திருந்தது. பின்னால் உட்கார்ந்து தம்புரா போட வேண்டியவர் மாமிதான். பெட்டிகூடக் கட்டியாயிற்று, விசா வரவில்லை. அங்குள்ள இன்டர்நெட் ரேடியோ ஒரு வாரம்தான் அந்தக் கச்சேரியை வைத்திருக்கும்.

"அங்க போக எனக்குக் குடுத்து வைக்கல. காதாலயாவது கேட்டுடறேன்ப்பா."

"கவலைய வுடுங்க மாமி. நான் கீறேன்ல?"

பாட்டு ஓட ஓடத்தான் பதிய முடியும். நடுவில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஐந்து முறை அறுந்தது. ஆறாவது முறை, ரேடியோவில் அது இருந்த கடைசி நாளில், ஒரு மணி நேரமும் முழுசாகப் பதிந்தது. வலியுல்லா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஹம்சா வாயைத் திறக்கும் முன் பத்து நொடி 'கொய்ங்' என்று ஏதோ கேட்டது. கச்சேரி முழுக்க அடியில் அதே சத்தம். கரண்ட் இரைச்சல் என்று முடிவு கட்டினார். சாஃப்ட்வேரிடம் அந்தப் பத்து நொடியைக் காட்டி, இந்த அழுக்கு எங்கிருந்தாலும் எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டது. பழைய ஃபைல் குப்பை போலக் கிடக்கக் கூடாதென்று அதன் மேலேயே சேவ் செய்தார்.

மறுநாள் மாமி வந்து கண்ணை மூடிக் கேட்டார். அடுத்த நொடியே திறந்தார்.

"சுருதி எங்கேப்பா?"

"இன்னா சுருதி மாமி?"

"தம்புரா! பின்னாடி மீட்டிண்டே இருப்பாளே!"

"அந்தக் கொய்ங்கா?" வலியுல்லாவின் குரல் இறங்கியது. "அத நான் க்ளீன் பண்ட்டேனே..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியின் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போயிற்று. வலியுல்லா ரேடியோவில் தேடினார். கச்சேரியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

மாமி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அரை மணியில் ஆட்டோ வந்து நின்றது. மாமி இறங்கினார், கூடவே தம்புராவும்.

"பாட்டைப் போடு. நான் மீட்டறேன். ரெண்டையும் சேர்த்துடு."

மாமி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மகள் குரலுக்குத் தந்தியைச் சேர்த்தார். மைக்கில் இரைச்சல் விழாமல் இருக்க ஃபேனை நிறுத்தினோம். நானும் என் மிஷின்களை நிறுத்திவிட்டு, வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே வாய்பொத்த வைத்தேன். எங்களுக்குத் தம்புரா மட்டும்தான் கேட்டது. வலியுல்லா வழிந்த வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

நாற்பதாவது நிமிஷம் மாமி தன்னை மறந்து உரக்கச் சொன்னார்: "பேஷ்டி கண்ணே!"

முடிந்ததும் மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, அதுவும் பதிஞ்சுடுத்தா? அதை மட்டும் எடுத்துடுப்பா."

"எட்க்க மாட்டேன் மாமி" என்றார் வலியுல்லா.

இரண்டு சி.டி. போட்டார். ஒன்று நியூ ஜெர்சிக்குப் போனது. இருபது நாள் கழித்து ஹம்சா சென்டருக்கே போன் செய்தாள். கச்சேரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாற்பதாவது நிமிஷத்தில் இருப்பது நிஜமாகவே அம்மாதானா என்று மட்டும் கேட்டாள்.