பிளாஸ்டிக் மூடிக்கு ஒரு கடைசி இறுக்கு

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை என்ன பெரிய தூரமா? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அந்தத் தூரத்துக்குக் காருக்கு ஆயில் மாற்றியே தீர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். அதுவும் ஒர்க்‌ஷாப்பில் விட்டு அல்ல. வீட்டு வாசலில், தன் கையால், நாளைக் காலையில் விசேஷத்தை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சாயங்காலம்.

விசேஷம், வயசுக்கு வந்த என் தம்பி மகளுக்குச் சடங்கு. அத்தைக்காரி நான் போய்த்தான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனால் என் கவலை தண்ணீர் ஊற்றுவது அல்ல, இவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி தன் வீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் யாரோ ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டான். அதிலிருந்து இவர் அந்த வாசலை மிதிக்கவில்லை. நல்லது கெட்டதற்கு நான் மட்டும் தனியாகப் போவேன். "அத்தான் வரலையா?" என்று கேட்கிறவர்களிடம் காய்ச்சல், தலைவலி, இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிச் சொல்லி, அவருக்கு வருவதற்கு இனி புதுசாக ஒரு நோய்கூட மிச்சமில்லை. இந்தத் தடவை தம்பியும் அவன் பெண்டாட்டியும் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து கூப்பிட்டுவிட்டார்கள். "சரி, கார்லயே வாரேன்" என்றார். கார் இருந்தால் நினைத்த நேரத்தில் எழுந்து வந்துவிடலாம். எனக்குத் தெரியாதா அவர் புத்தி?

அந்தக் காரைத்தான் முந்தின நாள் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்கன இருக்க கழுகுமலைக்கு எதுக்குங்க ஆயில் மாத்துதீங்க?"

"தூரம் இல்லட்டி விஷயம். மாத்த வேண்டிய நேரம் தாண்டிப் போச்சு. தெரிஞ்சே எடுக்கக் கூடாது."

நேரம் தாண்டி இரண்டு மாசம் ஆகிறது. இத்தனை நாள் தெரியாதது சீர்த் தட்டு அடுக்குகிற அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

திருநெல்வேலியில் வாங்கிய பழைய டீசல் கார் அது. நான் துணி ஊற வைக்கிற பேசினைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்து வண்டிக்கு அடியில் வைத்துக் கறுப்பு ஆயிலை வடித்தார். இன்ஜினுக்கு மேலேயே ஒரு கிண்ணம் மாதிரி இருந்தது. அதற்குள் காகித ஃபில்டர், மேலே டம்ளர் அளவில் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. புது ஃபில்டரைப் போட்டு, ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, மூடியைக் கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரைப் போட்டுக் கால் சுற்று சுற்றி நிறுத்தினார். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பவர்கூட அவ்வளவு மெதுவாகத் திருப்ப மாட்டார்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். பசுவந்தனைப் பக்கம் நிலமும் டிராக்டரும் வைத்திருக்கிறவர்.

"அவ்வளவுதானா? ரோடு கெடக்க கெடைக்கு, கழுகுமலை போறதுக்குள்ள கழண்டு விழுந்துரும்."

"பிளாஸ்டிக் அண்ணாச்சி. கூட இறுக்கினா விரிசல் விட்டுரும். எவ்வளவு இறுக்கணும்னு மூடியிலயே நம்பர் போட்டிருக்கான் பாருங்க."

"நம்பரைப் பாத்தா இறுக்குதீங்க? கை சொல்லும்லா!"

அண்ணாச்சியை மூடியைத் தொடவிடவில்லை இவர். ஆனால் ரோஷம் விடவில்லை. அண்ணாச்சி பார்க்கவே இன்னும் ஒரு நெல்லளவு திருப்பினார். புது ஆயிலை ஊற்றி, வண்டியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பழைய பனியனால் சுற்றிலும் துடைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. அண்ணாச்சியும் போய்விட்டார், இவரும் குளிக்கப் போய்விட்டார்.

ஸ்பேனர் அங்கேயே கிடந்தது.

நான் கரிசல்காட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டுப் பம்ப்செட்டில் ஒரு நட்டை இறுக்குவதென்றால், ஸ்பேனர் வாலில் இரும்புக் குழாயைச் சொருகி இரண்டு பேர் தொங்குவோம். நட்டு சத்தம் போட்டால்தான் எங்களுக்கு இறுகியதாக அர்த்தம். இவர் தடவிக் கொடுத்ததை நம்பி எப்படிப் போவது? பாதி வழியில் ஒழுகினால் போதும், "வண்டி சரியில்லட்டி, நீ பஸ்ஸுல போ" என்று திரும்பிவிடுவார். இரண்டு வருஷப் பிணக்கு ஐந்து வருஷமாகும். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். நகர்ந்தது. பார்த்தாயா, இறுக்கவே இல்லை இந்த மனுஷன் என்று எரிச்சலோடு இன்னொரு இழுப்பு. 'டக்' என்றது. அப்பாடா என்று கையைத் துடைத்துக்கொண்டு தட்டு அடுக்கப் போனேன்.

காலையில் தட்டுகளை ஏற்றிக் கிளம்பினோம். தெருமுனை தாண்டவில்லை, வண்டிக்குள் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. இறங்கிப் பார்த்தால், எங்கள் வாசலிலிருந்து வண்டி வரைக்கும் புது ஆயில் கோடு. மூடியில் விரல் நீளத்துக்கு விரிசல். ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளிலேயே அந்த மூடி மதுரையிலிருந்துதான் வர வேண்டும்.

அவர் வெள்ளை வேட்டியோடு ரோட்டோரத்தில் குத்தவைத்துவிட்டார்.

"நாந்தான்டி ஒடைச்சேன். நம்பர் போட்டிருக்கு, தெரியும். அண்ணாச்சி சிரிச்சாருன்னு இன்னும் கொஞ்சம் திருப்புனேன் பாரு."

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் கோபப்படுவார், நியாயமான கோபம், அந்தக் கோபத்தோடு நேராக வீட்டுக்குத் திரும்பிவிடுவார். நான், "நேரமாவுது, எந்திரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

எழுந்து வண்டியை ஓரமாகத் தள்ளிப் பூட்டினார். கனமான இரண்டு தட்டுகளையும் அவரே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். முகூர்த்த நாள் கூட்டத்தில் உட்கார இடமில்லை. கழுகுமலை வரைக்கும் தட்டு சாயாமல் நின்றுகொண்டே வந்தார். வாசலுக்கு ஓடி வந்த என் தம்பி, "வாங்க அத்தான்" என்று தட்டை வாங்கினான். "நேரமாக்கிட்டேன் மாப்ள, எந் தப்புதான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நான் தண்ணீர் ஊற்றினேன். அவர் பந்தியில் என் தம்பியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சாயங்காலம் வரை இருந்தார்.

அதற்குப் பிறகு தம்பி வீட்டுப் போக்குவரத்து நன்றாகவே இருக்கிறது. ஆனால் மெக்கானிக் புது மூடி மாட்டிக் கொடுத்த பிறகு அவர் அந்த பானெட்டைத் திறக்கவே இல்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். "எனக்குக் கைப்பக்குவம் இல்லட்டி" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எதையாவது பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்த மனுஷன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. தம்பி வீட்டு உறவு மறுபடி அறுந்துவிடுமோ என்ற பயத்தில் விழுங்கிவிடுவேன். அவர்மேல் எரிந்து விழுந்ததெல்லாம் போய், இப்போது என்மேல்தான் எனக்கு எரிச்சல்.

ஒருநாள் ஸ்பேனர் பெட்டியை அப்படியே தூக்கி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கும் நான் பார்த்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன்.